இடையூறு ஒழிப்புச் சங்கம்

ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் படகுக்காரர்களின் அலுவலக அறை ஒன்று இருந்தது. அந்த அறையில் இருந்த சாமான்கள் எல்லாம் ஒருநாள் கூடிப் பேசி, ஒரு சங்கம் ஆரம்பித்துவிட்டன. நாலு பேர் சேர்ந்த இடத்தில் சங்கம் முளைக்காவிட்டால்தான் நம் ஊரில் அதிசயம்.

சங்கத்தின் முழுப்பெயர் மின்காந்த இடையூறு ஒழிப்பு மற்றும் இசைவு வளர்ப்புச் சங்கம், துறைமுகக் கிளை. மின்சாரத்தில் ஓடும் ஒரு சாமானிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இரைச்சல் கிளம்பிப் பக்கத்துச் சாமானின் வேலையைக் கெடுத்தால் அது இடையூறு. ஒருத்தரையொருத்தர் கெடுக்காமல் பிழைத்தால் அது இசைவு. இடையூற்றை அதிகமாகச் செய்கிறவரே தலைவராக வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. இருந்தாலும் இன்வெர்ட்டர்தான் தலைவர். எல்.இ.டி. பல்பு செயலாளர். செல்போன் சார்ஜர் பொருளாளர்.

வயர்லெஸ் பெட்டி வெறும் உறுப்பினர். கடலில் இருக்கிற படகுகள் கூப்பிடுவதைக் கேட்டு, அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் தமயந்திக்குச் சொல்வது அதன் வேலை. மற்றவர்களுக்கெல்லாம் சத்தம் போட மட்டுமே தெரியும். காதுகொடுத்துக் கேட்கத் தெரிந்தது இது ஒன்றுதான்.

போன வாரம் தமயந்தியின் அண்ணன் அஞ்சப்பன் நடுக்கடலிலிருந்து கூப்பிட்டான். "தங்கச்சி, இன்ஜின்..." என்பதுவரை வயர்லெஸ்ஸுக்குக் கேட்டது. அதற்கு மேல் ஒரே கரகரப்பு. தற்செயலாக அந்தப் பக்கம் வந்த இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்துவந்ததால் அவன் உயிரோடு வீடு வந்தான். அன்றிலிருந்து வயர்லெஸ்ஸுக்கு நிம்மதி போயிற்று. அந்தப் படகு வராமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு அதைப் போட்டு அரித்தது.

அஞ்சப்பன் மறுபடியும் கடலுக்குப் போன அன்றைக்குத்தான் சங்கத்தின் மாதக்கூட்டம். தமயந்தி மதியச் சாப்பாட்டுக்குப் போனதும் கூட்டம் தொடங்கியது. கேட்க வேண்டியதை இன்று கேட்டே தீருவது என்று வயர்லெஸ் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தது.

தலைவர் எழுந்தார். "இடையூறற்ற உலகம் படைப்போம்!" என்று முழங்கினார். உடனே மைக் காது கிழிய அலறியது. தலைவர் அசரவில்லை, அதையும் கைத்தட்டல் கணக்கில் சேர்த்துக்கொண்டு மேலே பேசினார். தன் பேச்சால்தான் மைக் அலறுகிறது என்று அவரிடம் யார் சொல்வது?

பட்டணத்திலிருந்து சிறப்பு விருந்தினராக அலைமானி வந்திருந்தார். யார் எவ்வளவு இரைச்சல் போடுகிறார்கள் என்று அளந்து சொல்லும் பெரிய கருவி அவர். அவருக்குத் தலைவர் பொன்னாடை போர்த்தினார். தலைவருக்குச் செயலாளர் போர்த்தினார். செயலாளருக்குப் பொருளாளர் போர்த்தினார். போர்த்தி முடித்து ஒரு வழியாக எல்லாரும் வேர்வையைத் துடைத்துக்கொண்டபின் அலைமானி பேச ஆரம்பித்தார். டெசிபல், மெகாஹெர்ட்ஸ் என்று அவர் அடுக்க அடுக்க, சார்ஜர் தூங்கி விழுந்தது. விழிப்பு வந்தபோதெல்லாம் மண்டையை ஆட்டியது.

"நிறைவாக ஒன்று," என்றார் அலைமானி. "இங்குள்ள ஒவ்வொருவரையும் எங்கள் சோதனைக்கூடத்தில், சத்தம் நுழையாத தனியறையில், தனித்தனியாக வைத்து அளந்தேன். அனைவருமே வரம்புக்குள்தான் இருக்கிறீர்கள்."

கைத்தட்டல் ஓய்ந்ததும் வயர்லெஸ் எழுந்தது.

"ஐயா, தனியா இருக்கறப்ப எல்லாரும் நல்லவங்கதான். எல்லாரையும் ஒண்ணா வெச்சு அளந்தீங்களா?"

"அப்படி அளக்கும் வழக்கம் இல்லை."

"நாங்க ஒண்ணாத்தானேய்யா இருக்கோம்?"

"அது உங்கள் சொந்த விஷயம்," என்று அலைமானி தண்ணீர் குடித்தார்.

வயர்லெஸ் விடவில்லை. "தலைவரே, நான் யாரையும் வேலைய நிறுத்தச் சொல்லல. ஒயர்ல மாட்டுற கறுப்பு வளையம் இருக்கு பாருங்க, காந்த வளையம், அத ஆளுக்கொண்ணு மாட்டிக்கிட்டா போதும். பாதி இரைச்சல் அடங்கிடும். இப்ப அஞ்சப்பன் கடல்ல இருக்கான். அவன் கூப்பிட்டா எனக்குக் கேக்கணும். அவ்வளவுதான் நான் கேக்கறது."

"வளையமா? எனக்கா?" தலைவர் கொதித்துப்போனார். "மாட்டுக்குக் கட்டுற மாதிரி என் கழுத்துல கட்டிவிடலாம்னு பாக்கறியா?"

"நானே சுண்டக்காய் சைஸ்," என்றது சார்ஜர். "வளையத்த மாட்டினா வளையம்தான் தெரியும், நான் தெரியமாட்டேன்."

செயலாளர் பல்பு மட்டும் கோபப்படவில்லை. அது படித்த பல்பு. "உறுப்பினர்கள் நிதானமா யோசிக்கணும்," என்றது. "இந்த அறையில கரகரப்பு கேக்குதுங்கறத நான் மறுக்கல. ஆனா அது எங்கேர்ந்து கேக்குது? என்கிட்டேர்ந்தா? தலைவர்கிட்டேர்ந்தா? நல்லாக் காது கொடுத்துக் கேளுங்க."

எல்லாரும் காது கொடுத்தார்கள். சந்தேகமே இல்லை. கரகரப்பு வயர்லெஸ்ஸின் வாயிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

"அது உங்க சத்தம்!" என்று வயர்லெஸ் கத்தியது. "நீங்க போடுறதுதான் என் வழியா வெளிய வருது!"

"பாருங்க, இப்பகூட எவ்வளவு சத்தம்," என்றார் தலைவர் வருத்தத்தோடு.

சார்ஜர் வயர்லெஸ்ஸை உடனே சங்கத்தைவிட்டு நீக்கச் சொன்னது. தலைவருக்குப் பெரிய மனசு. நீக்க வேண்டாம், காப்பாற்றுவோம் என்றார். இதற்கு ஏதாவது நூல்முறைப்படி வழி உண்டா என்று விருந்தினரைக் கேட்டார்.

"தாராளமாக உண்டு. இரும்புப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால் எந்த இரைச்சலும் உள்ளே போகாது. ஓட்டை மட்டும் இருக்கக் கூடாது. ஒரு சின்ன ஒயர் நுழைகிற ஓட்டை இருந்தாலும் அத்தனையும் வீண்."

"ஏரியல் ஒயர்?" என்று வயர்லெஸ் பதறியது. "அத வெட்டிட்டா படகுக்காரங்க பேசறது எப்படிய்யா எனக்குக் கேக்கும்?"

"இடையூறு வராது என்பதுதான் நான் கொடுக்கும் உத்தரவாதம்," என்றார் அலைமானி. "மற்றது என் துறை அல்ல."

தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்துக் கை தூக்கியது ஒரே ஒரு ஆள். பாதிக்கப்பட்டவர் தன் விஷயத்தில் தானே வாக்களிக்க முடியாதென்று செயலாளர் அதையும் தள்ளிவிட்டது. மூலையில் கிடந்த இரும்புப் பெட்டி வாயைத் திறந்தது. ஏரியலைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வயர்லெஸ்ஸை உள்ளே தள்ளி, மூடியை அழுத்தினார்கள்.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வயர்லெஸ்ஸுக்குத் தலைவலி விட்டது. ஒரு கணம் அது சுகமாகக்கூட இருந்தது. அடுத்த கணமே அந்தச் சுகத்தை நினைத்து அதற்கு அவமானமாகிவிட்டது. அஞ்சப்பன் ஞாபகம் வந்தது. மூடியை முட்டியது. "திறங்க! ஐயா, திறந்துடுங்க!" என்று அலறியது. நல்ல கெட்டியான பெட்டி. அலறல் வெளியே வரவில்லை.

வெளியே செயலாளர் நன்றியுரை சொன்னது. சங்கத்தின் முதல் வெற்றி என்று பெட்டியை மேசைமேல் தூக்கி வைத்து மாலை போட்டு, அதைச் சுற்றி நின்று குழுப்படம் எடுத்துக்கொண்டார்கள். அலைமானி வடையும் காபியும் முடித்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அதே நேரம் கரையிலிருந்து வெகுதூரத்தில் அஞ்சப்பனின் படகில் இன்ஜின் நின்றுபோயிருந்தது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அவன் படகிலிருந்த வயர்லெஸ்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, "கரை, கரை, தங்கச்சி, கேக்குதா?" என்று கூப்பிட்டான். மறுபடி கூப்பிட்டான். இந்த முறை பக்கத்தில் வேறு படகு எதுவும் இல்லை.

சாப்பிட்டுவிட்டு வந்த தமயந்தி வாசலிலேயே நின்றாள். அறை கோயில் மாதிரி அமைதியாக இருந்தது. மேசைமேல் மாலை போட்ட பெட்டியைப் பார்த்தாள். யாரோ பெரியவர்கள் வந்து வயர்லெஸ்ஸை ரிப்பேர் செய்து அதற்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

"அப்பாடா, அந்தக் கரகரப்பு ஒழிஞ்சுது," என்று மின்விசிறிக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். செல்போனைச் சார்ஜரில் மாட்டினாள். கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்தது.

"அண்ணன் ஒரு தடவகூடக் கூப்பிடலயே. இன்னிக்கு மீன் நல்லாப் பட்டுருக்குபோல!"