மூச்சு விடாத பரோலோ

தொட்டப்பம்பட்டியில் பன்னீர்த் திராட்சை பறித்துக்கொண்டிருந்த மொக்கராசு, சின்னோவு, காமுத்துரை மூவரும் இத்தாலிக்குப் போனது எப்படி என்று ஊரில் யாருக்கும் தெரியாது. போனவர்களுக்கும் தெரியாது. விசா வந்தது, போனார்கள். அங்கே பரோலோ என்ற மலையூரில், ஜோவன்னா என்ற விதவையம்மாவின் தோட்டத்தில் திராட்சை பறிக்கும் வேலை.

அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது, இவர்களுக்கு அந்த ஊர்ப் பேச்சு தெரியாது. பக்கத்து நகரத்தில் கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்துக்காரர் அருள்நேசன்தான் போனில் இரு பக்கத்துக்கும் வாய். மூவரில் மூத்தவர் மொக்கராசு. சொன்னதைச் சொன்னபடி செய்வதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

"இந்தப் பழத்துக்குப் பேர் நெபியோலோ," என்றார் அருள்நேசன். "'நெபியா' எண்டா மூடுபனி. ஐப்பசியில பனி வரேக்கதான் இது பழுக்கும். மூடுபனி இறங்கின இடமாப் பாத்துப் பிடுங்குங்கோ. கெதியாப் பிடுங்குங்கோ, மூண்டு நாளில மழையாம்."

மறுநாள் காலையில் எதிர்ச்சரிவில் மூடுபனி தெரிந்தது. மூவரும் கூடையோடு ஓடினார்கள். போய்ச் சேர்ந்தால் அங்கே பனி இல்லை. புறப்பட்ட இடத்தில் இருந்தது. திரும்பி ஓடினார்கள். அது பழைய இடத்துக்கே போய்விட்டது.

"நம்மளக் கண்டு பயப்படுதுண்ணே," என்றான் காமுத்துரை.

"பயமில்லடா, கூச்சம். புது ஆளுகள்ல நாம," என்றார் மொக்கராசு.

சின்னோவு கொஞ்ச நேரம் யோசித்தான். "அந்தப் பக்கம் ஒரு ஆளு, இந்தப் பக்கம் ரெண்டு ஆளு நின்னா எங்கிட்டு ஓடும்?"

அப்படியே நின்றார்கள். பனி நடுப்பள்ளத்தில் இறங்கிவிட்டது. அங்கே கொடி இல்லை, கோழிக்கூடுதான் இருந்தது. அதற்காகச் சொன்ன சொல்லை மீற முடியுமா? அங்கே இருந்ததைப் பறித்தார்கள். சாயங்காலம் ஜோவன்னாம்மாவின் முன்னால் பதினாறு முட்டைகளைப் பரப்பி வைத்து, "இன்னும் கொஞ்சம் பழுக்கணும்போல," என்றார் மொக்கராசு.

அந்தம்மா அரைமணி நேரம் போனில் பேசினார். அருள்நேசன் அதை இரண்டே வரியில் சொன்னார்: "கொடியில இருக்கிறதை மட்டும் பிடுங்குங்கோ. நசுக்காமல், கைக்குழந்தை மாதிரிப் பாருங்கோ."

கைக்குழந்தை மாதிரியே பார்த்தார்கள். ஒவ்வொரு கொத்தையும் தோளில் போட்டு, முதுகைத் தட்டி, ஏப்பம் விட்ட பிறகே கூடையில் கிடத்தினார்கள். சில கொத்துகள் ஏப்பம் விட மதியமாகிவிட்டது. மூன்றாம் நாள் மழை வந்தபோது பாதித் தோட்டம் பறிபடாமல் நின்றது.

சமையலறையில் ஜோவன்னாம்மா தனியாக அழுததை மொக்கராசு பார்த்துவிட்டார். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அருள்நேசன் போன் செய்தார். "பன்ரெண்டு மணிக்கு ஒரு பெரிய வியாபாரி வாறார். பழைய சரக்கையெல்லாம் அவர் எடுத்தால்தான் தோட்டம் தப்புமாம், இல்லையெண்டா விக்கத்தான் வேணுமாம். அவவின்ர மனுசன் தன்ர கையால செய்த பரோலோ வைன் ஒரே ஒரு போத்தல் மிச்சம் இருக்கு. அதைக் குடிச்சுப் பாத்துத்தான் முடிவு சொல்லுவாராம். அவரைக் கூட்டிவர அம்மா ஸ்டேஷனுக்குப் போறா. நீங்கள் ஒரு மணித்தியாலத்துக்கு முதலே அதைத் திறந்து வையுங்கோ. அது நல்லா மூச்சு விட வேணும், அப்பதான் ருசி வரும்."

"இந்த ஒரு வேலையாச்சும் பிசகாமச் செய்யணும்டா," என்றார் மொக்கராசு. பதினோரு மணிக்குத் தக்கையைப் பிடுங்கி, பாட்டில் வாயருகே விரலை வைத்துப் பார்த்தார். மூச்சு இல்லை. ஒரு நூலைப் பிடித்துப் பார்த்தார். நூல் அசையவில்லை.

"பல வருசம் படுத்தே கிடந்ததுல்ல. மெல்லத்தான் வரும்," என்றார். அரைமணி நேரம் போயிற்று. வரவில்லை.

காமுத்துரை குனிந்து உள்ளே பார்த்தான். "அண்ணே! கழுத்து வரைக்கும் தண்ணி நிக்குது. ஆத்துல முங்கின ஆளு மாதிரி. பாவம், எப்படி மூச்சு விடும்?"

மொக்கராசு சட்டென்று எழுந்தார். முல்லையாற்றில் முங்கிய மச்சானை அவரே பிழைக்க வைத்தவர். "தலைகீழாப் பிடிங்கடா!"

இருவர் பிடித்தார்கள், மொக்கராசு முதுகில் தட்டினார். களக் களக்கென்று கொட்டியது.

"ரத்தமாக் கக்குதுண்ணே," என்று அழுதான் சின்னோவு.

"கக்கட்டும். உள்ள தங்குனாத்தான் ஆபத்து."

கடைசிச் சொட்டும் இறங்கியதும் துண்டை விரித்துப் படுக்க வைத்தார்கள். மொக்கராசு மண்டியிட்டு, அதன் வாயில் தன் வாயை வைத்து மெல்ல ஊதினார்.

"ஊ...ம்" என்றது பாட்டில்.

"முனகுதுண்ணே!"

இன்னொரு தரம் ஊதினார். "ஊ...ம்."

மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். சின்னோவு கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினான். அப்போதுதான் வாசலில் கார் வந்து நின்றது. ஜோவன்னாம்மாவும் கோட்டுப் போட்ட வியாபாரியும் உள்ளே வந்தார்கள். மொக்கராசு உதட்டில் விரலை வைத்து, சத்தம் போடாதீர்கள் என்று சைகை காட்டிவிட்டுப் போனை எடுத்தார்.

"அண்ணே, அம்மாகிட்ட சொல்லுங்க. போன உசுரு திரும்பி வந்திருச்சு. கூட்டம் மட்டும் போட வேணாம்."

ஒன்றும் புரியாத வியாபாரி, ஊற்றச் சொல்லித் தன் கண்ணாடிக் கோப்பையை நீட்டினார். அந்த நேரம் பார்த்துச் சின்னோவு சமையலறையிலிருந்து சட்டியோடு வந்தான். நல்ல வேளை என்று அந்தக் கோப்பையை மரியாதையாக வாங்கி, உப்புப் போட்ட கஞ்சியை அதில் ஊற்றி ஆற்றி, பாட்டிலின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட ஆரம்பித்தான்.