மாப்பிள்ளை வண்டிக்கு இரண்டு கயிறு

மந்திக்குளத்துப் பயில்வான் கொட்டகை ஆட்களுக்கு உடம்பில் ஒரு குறையும் கிடையாது. கழுத்துக்கு மேலேதான் கொஞ்சம் காலியிடம். கர்லாக்கட்டை சுற்றுவார்கள், தங்கள் தோளிலேயே போட்டுக்கொள்வார்கள், பிறகு கட்டு வைத்தியர் காதர் ராவுத்தர் வீட்டு வாசலில் வரிசையாக நிற்பார்கள். அதனால் ராவுத்தர் வாயிலிருந்து எது வந்தாலும் அவர்களுக்கு வேதவாக்கு.

அவர்களில் ஒருவனான சங்கிலிக்குக் கல்யாணம் கூடிவந்தது. பெண் ஓடைக்கு அக்கரையில் கீழப்பட்டிப் பேச்சியம்மா. அவள் பெயரைச் சொன்னாலே சங்கிலிக்கு வியர்த்துவிடும், அவ்வளவு ஆசை. பெண்ணின் அப்பாவோ கறார்ப் பேர்வழி. "முகூர்த்தம் தப்பினா பொண்ணு கிடையாது" என்று முன்பே சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளை வண்டி ஓடையில் இறங்கியதுதான் தாமதம், சக்கரம் அச்சுவரை சேற்றில் புதைந்தது. கூட வந்த நான்கு பயில்வான்களும் பின்னால் நின்று முக்கி முக்கித் தள்ளினார்கள். கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்த ராவுத்தர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"உடம்பைப் பார்த்துப் படிங்கப்பா. எலும்பு தானா அசையாது, தசை இழுக்கணும். தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனாலதான் கையை மடக்க முன்பக்கம் ஒண்ணு, நீட்டப் பின்பக்கம் ஒண்ணு. இது இழுக்கையில அது விட்டுக்கொடுக்கும்."

கயிறு கட்டி முன்னால் இழுங்கள் என்பதைத்தான் மனிதர் இவ்வளவு சுற்றி வளைத்துச் சொன்னார். சொல்லிவிட்டு, பந்திக்கு நேரமாகிறதென்று நடையைக் கட்டினார்.

நால்வரும் கரையில் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"வண்டிதான் எலும்பு" என்றான் ஒச்சப்பன்.

"அப்ப மாடு?" என்றான் மாயழகு.

"மனுச உடம்புல மாடு ஏதுடா? அவுத்து விடு."

மாடுகள் சந்தோஷமாகக் கரையேறிப் புல் மேய்ந்தன.

"நான் வேணா இறங்கி நடந்துடறேனே" என்றான் சங்கிலி.

"நீ எலும்புக்குள்ள இருக்கற மஜ்ஜை. மஜ்ஜை வெளிய வந்தா ஆளே காலி" என்றான் மாயழகு. சங்கிலி பயந்துபோய்க் காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

வண்டிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று கயிறு கட்டி, முன்கயிற்றை ஒச்சப்பனும் இன்னொருவனும், பின்கயிற்றை மாயழகும் மற்றவனும் பிடித்தார்கள். முதலில் இரண்டு பக்கமும் சேர்ந்தே இழுத்தார்கள். வண்டி கிறீச்சிட்டதே தவிர நகரவில்லை. விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அப்போதுதான் மாயழகுக்கு ஞாபகம் வந்தது. அவன் தளர்த்தினான், ஒச்சப்பன் இழுத்தான், வண்டி கரை விளிம்புக்கே வந்துவிட்டது. சங்கிலி குலசாமியை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"இப்ப எங்க முறை" என்றான் மாயழகு. வண்டி பழையபடி சேற்றுக்குப் போனது.

"டேய், ஏன்டா!" என்று அலறினான் சங்கிலி.

"ஒரே பக்கமா இழுத்தா, மடக்குன கை மடக்குனபடியே நின்னுபோகும் மாப்ள. அப்புறம் இலையில இருக்கற சோத்தை எப்படி எட்டி எடுப்ப?"

சங்கிலிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

வெயில் ஏறியது. வண்டி வருவதும் போவதுமாகவே இருந்தது. பார்த்துப் பார்த்துச் சலித்த பெண் வீட்டார் மாலை, மேளம், பூசாரி சகிதம் ஓடைக்கரைக்கே வந்துவிட்டார்கள்.

"முகூர்த்தம் முடியப்போகுது, தாலியைக் கட்டச் சொல்லுங்க!" என்று தவித்தார் பூசாரி.

வண்டி கரைக்கு வந்தது. சங்கிலி எட்டி, கரையில் நின்ற பேச்சியம்மா கழுத்தில் முதல் முடிச்சைப் போட்டான். வண்டி போய்விட்டது. கெட்டிமேளத்தை நிறுத்துவதா வேண்டாமா என்று தெரியாமல் மேளக்காரர்கள் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். வண்டி மறுபடி வந்தது, இரண்டாவது முடிச்சு விழுந்தது. மறுபடி போனது. பேச்சியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அடுத்த முறை வண்டி வந்ததும் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தாவி ஏறி உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவது முடிச்சு சேற்றுக்குப் போகும் வழியில் விழுந்தது. அட்சதை முழுக்க மாயழகு தலையில்.

"அந்தப் பின்கயித்தை அவுத்துத்தான் தொலைங்களேன்!" என்றாள் புதுப்பெண்.

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அரைமனதோடு அவிழ்த்தார்கள். வண்டி கரையேறிப் பெண் வீட்டு வாசலில் போய் நின்றது. ராவுத்தர் இரண்டாம் பந்தியிலும் சாப்பிட்டார்.

மறுநாள் காலை புருஷன் வீட்டுக்குக் கிளம்பிய பேச்சியம்மா வாசலுக்கு வந்தால், வண்டியைக் காணோம். புருஷனும் பெண்டாட்டியும் ஓடைக்கு ஓடினார்கள். ஏற்றிவைத்த சீர்வரிசைப் பாத்திரங்களோடு வண்டி அதே இடத்தில், அச்சுவரை புதைந்து நின்றது. பக்கத்தில் தலைமுதல் கால்வரை சேறாக மாயழகு. முகம் முழுக்கச் சிரிப்பு.

"நேத்து எங்க முறை ஒண்ணு பாக்கி மாப்ள, நல்லவேளை ஞாபகம் வந்துச்சு. நீயும் தங்கச்சியும் சட்டுனு ஏறி உக்காருங்க. மஜ்ஜை இல்லாம எலும்பு காலியாக் கெடக்கு!"