தவசியப்பன் பக்கத்து சீட்

“வாய் கிடையாது, சத்தம் போடும். கால் கிடையாது, ஊரைச் சுத்தும். பெத்தவனே ‘எனக்குத் தெரியாது’ம்பான். அது என்ன, சொல்லு பாப்பா?”

கொடைக்கானலிலிருந்து மலையிறங்கும் பஸ்ஸில் தவசியப்பன் இப்படிக் கேட்டார். ரூபவதிக்கு விடை தெரியவில்லை. அவள் கண்ணெல்லாம் அவர் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தின் மேல்தான். ஏறியதிலிருந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், கால் கடுத்தது. அம்மா தம்பியை மடியில் வைத்து முன்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தாள். இத்தனை கூட்டத்தில் இந்த ஒரு இடம் மட்டும் ஏன் காலி? பெரிய மனிதர், மரியாதைக்காக விட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

“போகட்டும். இந்தப் பையில என்ன தெரியுமா? கிழங்கு. மேல சூரியகாந்தி மாதிரி பூக்கும், அடியில இஞ்சி மாதிரி காய்க்கும். ஒண்ணே ஒண்ணு நட்டேன். மறுவாரம் பக்கத்துத் தோட்டத்துல முளைச்சுது. அடுத்த வாரம் தார் ரோட்டையே தூக்கிடுச்சு. இப்ப பஸ்ஸு குலுங்குச்சே, அந்த வேகத்தடை என் கிழங்குதான்.”

“அது நெடுஞ்சாலைக்காரங்க போட்டது” என்றார் கண்டக்டர், டிக்கெட் கிழித்தபடி.

“அவங்க பெயின்ட் மட்டும்தான் அடிச்சாங்க.”

“தின்னா நல்லாருக்குமா மாமா?” என்றாள் ரூபவதி.

“நல்லாருக்குமாவா! ஒரு காட்டெருமை வேலியை உடைச்சு வந்து பாத்தி முழுக்கத் தின்னுச்சு. வயிறு ஊதி, நாலு காலும் தரையை விட்டு எழும்பி, எதிர் மலையில போய் இறங்குச்சு. இப்ப அங்கதான் குடும்பம் நடத்துது.”

“டிக்கெட் எடுத்துச்சா?” என்றார் கண்டக்டர்.

“சிரிங்க, சிரிங்க. போன மாசம் மேல ஏறின பஸ்ஸு இதே வளைவுல டீசல் தீர்ந்து நின்னுடுச்சு. கடைசி சீட்டுக்காரங்களுக்கு ஆளுக்கொரு தட்டு அவிச்ச கிழங்கு குடுத்தேன். பின்பக்கக் கண்ணாடியைத் திறந்துவிட்டேன். அவ்வளவுதான்! டிரைவர் பிரேக்கை மிதிமிதின்னு மிதிச்சாரு. கொடைக்கானலைத் தாண்டித்தான் நின்னுச்சு.”

“அந்த பஸ்ஸுக்கு நான்தானய்யா கண்டக்டர். டீசல் எங்க தீர்ந்துச்சு?”

“சில்லறை தேடுற மும்முரத்துல கவனிச்சிருக்க மாட்டீங்க.”

மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பக்கமும் ஷட்டர்கள் தடதடவென்று இறங்கின. தவசியப்பன் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

“இன்னைக்கு மத்தியானம்கூட ரெண்டு தட்டு உள்ள போச்சு. எப்படி இருக்கேன் பாரு, கல்லு மாதிரி! வா பாப்பா, உக்காரு. பாவம், எவ்வளவு நேரம் நிப்ப?”

ரூபவதி கண்டக்டரைப் பார்த்தாள். “இவர் சொல்றதெல்லாம் பொய்தானே அண்ணா?”

“எல்லாம் பொய்தான். அந்த ரெண்டு தட்டு மட்டும் நிஜம். பஸ் ஸ்டாண்டுல என் கண்ணு முன்னாலதான் தின்னாரு.”

அந்த நேரம் பார்த்து சீட்டிலிருந்து நீளமாக ஒரு சத்தம் வந்தது.

“எனக்குத் தெரியாது” என்றார் தவசியப்பன், யாரும் கேட்காமலே.

ரூபவதி வத்தலக்குண்டு வரை நின்றுகொண்டே வந்தாள்.