பெரிய ராயர் போருக்குள் புகுந்த கூத்து

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயரைச் சொன்னால் அந்த நாட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், விட்டுவிடுவோம். அதை ஆண்ட தென்னவராயர் பக்கத்து நாட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டு முகம் சுண்டித் திரும்பி வந்தார். பந்தியில் குறையில்லை. விருந்துக்குப் பிறகு அங்கே ஒரு கூத்துப் போட்டார்கள். அந்த அரசனின் பாட்டன் யானைகளை வெட்டிச் சாய்க்கிறான். செத்த யானைகளுக்கே பதினெட்டுப் பாட்டு.

"நம் பாட்டனாருக்கும் ஒரு கூத்து வேண்டும்" என்றார் தென்னவராயர் மறுநாள் சபையில்.

சபை தரையைப் பார்த்தது. காரணம் இருந்தது. பாட்டனார் பெரிய ராயர் காலத்தில் பகைவர் பத்தாயிரம் பேர் கோரையாற்றைத் தாண்டி வந்தார்கள். பெரிய ராயர் ஒரு குடியானவன் களத்துமேட்டு வைக்கோல் போருக்குள் புகுந்து, பகைவர் ஈட்டியால் குத்திப் பார்த்தும் அசையாமல், மூன்று நாள் ஒளிந்துகொண்டார். இது நாட்டில் எல்லோருக்கும் தெரியும். நாற்று நடுகிறவர்கள் பாட்டாகவே பாடுவார்கள். அரண்மனைக்குள் மட்டும் யாரும் வாயைத் திறப்பதில்லை.

ஆஸ்தானக் கவிராயர் வடமலையார் எழுந்தார். அரசர் தம் வெண்பாவுக்குக் கொட்டாவி விடுவதும் விகடன் சடையாண்டியின் தும்மலுக்குக்கூடச் சிரிப்பதும் அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல்.

"மகாராஜா, இப்பணிக்கு விகடரே தக்கவர். ஆனால் அண்டை நாட்டாரைப் போல நாம் புளுகலாகாது. கூத்தில் ஒரு சொல் பொய்யானாலும் பாடியவன் நாக்கை அறுக்க வேண்டும். பெரிய ராயரின் புகழ் எள்ளளவு குறைந்தாலும் அதே தண்டனை."

"நியாயம்தான்" என்றார் அரசர். "சடையாண்டி, ஏழு நாள் அவகாசம்."

சடையாண்டிக்கு நிலமில்லை, வாள் பிடிக்கத் தெரியாது. இருந்த ஒரே சொத்து அந்த நாக்குதான். உண்மையைப் பாடினால் அது போகும், பொய்யைப் பாடினாலும் போகும்.

வாசலில் கவிராயர் கனிவோடு கேட்டார். "என்ன விகடரே, இந்த ஏழு நாளும் நல்ல ருசியாகச் சாப்பிடும். பிறகு ருசி தெரியாது பாரும்."

"தங்கள் வீட்டுக்கே வந்துவிடுகிறேன், கவிராயரே. அங்கே சாப்பிட்டுப் பழகினால் நாக்கு போனபின் வித்தியாசம் தெரியாது."

வாய் அப்படிச் சொல்லிவிட்டது. ஆனால் ஆறு நாளும் அவன் ஒரு கவளம் இறங்காமல் திரிந்தான். ஏழாம் நாள் காலை, களத்துமேட்டில் ஒருத்தி தன் புருஷனை அதட்டியது காதில் விழுந்தது. "ஏய்யா, போரைப் பிரிச்சுப் போடச் சொன்னேனே, என்ன பண்ணிக்கிட்டிருக்கே?" சடையாண்டி அங்கேயே நின்றான். பிறகு வீட்டுக்குப் போய் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான்.

பொழுது சாய, அரண்மனை முற்றத்தில் கூத்து தொடங்கியது. ஊரே கூடியிருந்தது. சடையாண்டி சலங்கை கட்டி, திரையை விலக்கிப் பாடினான்:

"பத்தாயிரம் பகைவர் வந்தார்!
பார்த்தாரே பெரிய ராயர் – போரைப் பார்த்தார்!
கணமும் தயங்கவில்லை,
கூடத் துணையுமில்லை,
பாய்ந்தாரே ஒற்றை ஆளாய்ப் போருக்குள்ளே!
முப்பகல் மூவிரவு
போரைவிட்டு நீங்கவில்லை!
ஈட்டியால் குத்தினார்கள், இமைகூட ஆடவில்லை!
வெறுத்துப் பகைவர் போனார்,
போரைவிட்டு ராயர் வந்தார்,
பொன்னிறம் தலையில் மின்ன!"

அரசர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முற்றத்து ஜனங்கள் ஒரு நொடி விழித்தார்கள். பிறகு புரிந்துபோய், தூண் அதிரக் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் கவிராயரின் காதில் ஈயமாய் இறங்கியது. துள்ளி எழுந்தார்.

"பொய்! அத்தனையும் பொய், மகாராஜா! அவர் இருந்தது வைக்கோல் போர்! உள்ளே ஒளிந்து கிடந்தார்!"

தாம் சொன்னது தமக்கே கேட்டதும் கவிராயர் மெல்ல உட்கார்ந்தார்.

சடையாண்டி கைகட்டி நின்றான். "அடியேன் போர் என்று மட்டுமே பாடினேன், மகாராஜா. வைக்கோலைக் கொண்டுவந்து போட்டவர் கவிராயர். பெரிய ராயர் களத்தில் இருந்தார் என்றால் என் பாட்டு மெய். வைக்கோலில் இருந்தார் என்றாலும் மெய். பொய் எங்கே நிற்கும் என்று அவரே காட்டட்டும்."

அரசர் தாழ்ந்த குரலில் கேட்டார். "சடையாண்டி, நீ மெய்யாகப் பாடியது எந்தப் போரை?"

இதற்கு அவன் விகடம் எதுவும் எடுத்து வரவில்லை. "என் தாத்தா அன்று நம் படையில் ஈட்டி பிடித்து நின்றவர், மகாராஜா. பகைவர் மூன்று நாள் அரசரைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. கட்டுச்சோறு தீர்ந்து ஊர் திரும்பிவிட்டார்கள். நம் பக்கம் ஒரு தாலி அறுபடவில்லை. தாத்தா வீடு வந்தார். அதற்கப்புறம்தான் என் அப்பா பிறந்தார். எங்கள் ஊரில் பாதிப்பேர் அந்த வைக்கோலுக்குப் பிறந்தவர்கள். அவர் புகழைக் குறைத்துப் பாட எனக்கு நாக்கு வராது."

அரசரின் தொந்தி முதலில் குலுங்கியது, சிரிப்பு பின்னால் வந்தது. "எனக்குப் பால் கொடுத்த செவிலி இதை என் ஆறு வயதிலேயே சொல்லிவிட்டாள். இத்தனை வருஷம் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் கூத்தில் எத்தனை பிணம். நம் கூத்தில் விழ ஒரு ஆள் கிடையாதே!"

தம் தோளில் கிடந்த சரிகைச் சால்வையை எடுத்துச் சடையாண்டிக்குப் போர்த்தினார். ஊர் ஊராக இந்தக் கூத்தை ஆடச் சொன்னார். "ஒன்று குறைகிறது. மேடையில் ஒரு வைக்கோல் போர் வேண்டும். கவிராயருக்கு அதைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது. அவரே நிற்கட்டும்."

கவிராயர் உடம்பெல்லாம் வைக்கோல் சுற்றிக்கொண்டு நின்றார். குறை சொல்ல முடியாது, அருமையாக நின்றார். மூன்றாவது ஊரில் ஒரு பசு மேடை ஏறி அவர் தோளில் ஒரு வாய் கடித்துவிட்டு, அசை போட்டபடியே இறங்கிப் போனது. எந்த நடிகனுக்கும் அப்படியொரு பாராட்டு அதற்குமுன் கிடைத்ததில்லை.