தனி வளையில் வளர்ந்த குறுணி

நிலக்கடலைக் காட்டு வரப்பில் எலிக் கூட்டம் ஒன்று வாழ்ந்தது. அங்கே குட்டிகள் எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கும். கட்டிப் புரளும், கடித்து விளையாடும். வலித்த குட்டி "கீச்!" என்றால், கடித்த குட்டி உடனே விட்டுவிடும். இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. விளையாட்டிலேயே வந்துவிடும்.

குறுணிக்கு மட்டும் அது வரவில்லை. அவள் பால்குடி மறந்த வாரமே, அவளுடைய தாயை ஆந்தை தூக்கிப் போய்விட்டது.

"ராசியில்லாத குட்டி! நம் பிள்ளைகளோடு சேர்க்காதீர்கள்!" என்றார் கூட்டத் தலைவர் பெருவாலன்.

குறுணியைத் தனி வளையில் போட்டார்கள். வாசலில் கடலைப் பருப்பைத் தள்ளிவிட்டுப் போனார்கள். வளர்ந்ததும், கடலை பொறுக்க ஆள் வேண்டும் என்று வெளியே விட்டார்கள்.

முதல் நாளே துடுக்கன் என்ற இளம் எலி விளையாட்டாக அவள் மேல் பாய்ந்தான். குறுணி அவன் காதைக் கவ்வினாள்.

"கீச்! கீச்!"

அவள் விடவில்லை. காது பாதி கிழிந்த பிறகுதான் விட்டாள்.

பெரிய வளையில் கூட்டம் கூடியது. "பிறவிக் குணம்! இப்போதே துரத்துங்கள்!" என்று கத்தினார் பெருவாலன். வெளியே புளியமரத்தில் அதே ஆந்தை உட்கார்ந்திருந்தது.

குறுணி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "அவன் ஏன் கத்தினான் என்றே எனக்குப் புரியவில்லை!"

"கீச்சென்றால் விடத் தெரியாதாம்! நல்ல கதை!" எல்லாரும் சிரித்தார்கள்.

துடுக்கன் ரத்தம் வழிய முன்னால் வந்தான். "சிரிக்காதீர்கள்! அவளுக்கு எப்படித் தெரியும்?"

"அடேய், கிழிந்தது உன் காதடா!" என்றார் பெருவாலன்.

"அதனால்தான் நான் பேசுகிறேன்! சிறு வயதில் நாங்கள் கட்டிப் புரண்டபோது, அவள் தனி வளைக்குள் மண்ணைச் சுரண்டும் சத்தம் கேட்டது. ஒருநாள் அவளிடம் ஓடினேன். என் வாலைப் பிடித்து இழுத்து வந்தது யார்? நீங்கள்தான்!"

"பட்டினியா போட்டோம்? வேளாவேளைக்குப் பருப்பு போட்டோமே!"

"பருப்பு கீச்சென்று கத்துமா, தலைவரே?"

பெருவாலன் பின்வாங்கினார். சிரித்தவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

துடுக்கன் தன் நல்ல காதைக் குறுணியிடம் நீட்டினான். "கடி! நான் கத்தினால் விடு!"

கடித்தாள். கத்தினான். மூன்று மூச்சு கழித்து விட்டாள்.

"தாமதம்! மறுபடி!"

குறுணியை யாரும் துரத்தவில்லை. மழைக்காலத்துக்குள் அவள் விடப் பழகிவிட்டாள். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு நொடி யோசித்த பிறகே விட்டாள். அந்த ஒரு நொடி சாகும்வரை அவளோடு இருந்தது.

சிறு வயதில் ஒருவரை ஒதுக்கி வைத்துவிட்டு, வளர்ந்தபின் பழகத் தெரியவில்லை என்று அவரையே தண்டிப்பது அநியாயம்.