ராஜா வெளியே நின்ற நாள்

அந்தக் காலத்தில் மிருகங்கள் மனுஷரோடு பேசும். ஒரு ராஜா ஆற்றோரமாய் இரண்டாள் உயர மதில் எழுப்பி விலங்குத் தோட்டம் போட்டார். விடிந்தது முதல் இருட்டும்வரை கூட்டம். வருஷம் முழுக்க ஒரு நாள் ஓய்வில்லை.

வந்தவர்கள் சும்மா பார்த்துவிட்டுப் போவார்களா? கரடியிடம், "உனக்கு வேர்க்காதா?" என்பார்கள். அதே கேள்வி, நாளுக்கு நூறு தடவை. கரடியும் பதில் சொல்லும்.

புலிக்கு இறைச்சி வைப்பவள் இருளாயி. புலி சினையாக இருந்தது. ஒரு நாள் காலையில் இறைச்சியைத் தொடவில்லை.

"ஏன் தாயி, பிடிக்கலையா?"

"இன்னைக்குக் குட்டி போட்டுருவேன். போன தடவை நடந்தது ஞாபகம் இருக்கா?"

எப்படி மறக்கும்? அவள்தான் கூண்டைக் கழுவினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நூறு பேர் எட்டிப் பார்க்க, மிரண்டுபோன புலி தன் குட்டிகளைத் தானே தின்றுவிட்டது.

"அத்தனை கண்ணும் மேலே ஊர்ந்தா எனக்குப் புத்தி நிக்காது, இருளாயி. இந்தத் தடவையும் தின்னுருவேன்."

கூட்டம் உள்ளே வருமுன்னே இருளாயி தோட்டத்து வாசலுக்குப் போனாள். வாசற்கதவைப் பூட்டினாள். சாவியை மடியில் செருகிக்கொண்டு வெளியே உட்கார்ந்தாள்.

கூட்டம் ஏசியது. "விடியுமுன்னே வண்டி கட்டி வந்திருக்கோம். இது என்ன உங்கப்பன் வீட்டுத் தோட்டமா?"

"ஆமா. போ."

உச்சிவேளையில் ராஜாவே வந்துவிட்டார், விருந்தாளிகளோடு.

"யார் பூட்டச் சொன்னது?"

"யாரும் சொல்லலை சாமி. உள்ளே புலி பிள்ளை பெறப் போகுது."

"என் தோட்டம். திற."

"திறந்தா குட்டி சாகும். என் தலையை எடுத்திட்டு அப்புறம் சாவியை எடுத்துக்குங்க."

சேவகன் வாளை உருவினான்.

அப்போது மதிலுக்குள் ஒரு மயில் அகவியது. அடுத்துக் குரங்குகள். மான்கள். யானை பிளிறியதில் சுவரின் சுண்ணாம்பு உதிர்ந்தது. பெயர் தெரியாத பறவையெல்லாம் குரல் கொடுத்தது. மனுஷப் பேச்சு ஒரு சொல் இல்லை. அந்தப் பேச்செல்லாம் நமக்காகப் பேசினது. உள்ளே நின்று கேட்க ஆளில்லை என்றதும் ஒவ்வொன்றும் தன் சொந்தக் குரலை எடுத்துவிட்டது. சேவகனின் வாள் தானாகத் தாழ்ந்தது.

பிறகு எல்லாம் ஒருசேர அடங்கின. அந்த அமைதியில் புலி மூக்கால் ஊதுவதுபோல் மெல்லக் கூப்பிட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டது. பதிலுக்கு ஒரு கீச்சுக் குரல். இன்னொன்று. மூன்றாவதும்.

"நக்கிக் கொடுக்குது சாமி," என்றாள் இருளாயி.

ராஜா செருப்பைக் கழற்றினார். மதிலில் உள்ளங்கையை வைத்தபடி பொழுது சாயும்வரை நின்றார். விருந்தாளிகளில் ஒருவர்கூட இருமவில்லை.

அன்று முதல்தான் விலங்குத் தோட்டங்களுக்கு வாரம் ஒரு நாள் பூட்டு. தெரியாமல் பஸ் பிடித்துப் போய் நிற்பவர்கள் வாட்ச்மேனிடம் கத்தவேண்டாம். வாயை மூடிக்கொண்டு மதிலோரம் கொஞ்சம் நின்று பாருங்கள்.