ரெண்டாவது கோடு

கல்யாணத்துக்கு இன்னும் நாலே நாள். மாப்பிள்ளை தவசியோட ரத்தப் பரிசோதனைச் சீட்டுல எச்.ஐ.வி. இருக்குன்னு வந்துருச்சு.

ஆஸ்பத்திரியில டாக்டர் ரூமுக்கு வெளிய பெஞ்சுல பொண்ணோட அப்பா அந்தச் சீட்டை நாலா மடிக்கிறாரு, பிரிக்கிறாரு, மறுபடி மடிக்கிறாரு. எதிர் பெஞ்சுல தவசி. அரைமணி நேரத்துல சரியான பதில் வரலேன்னா பந்தக்காலைப் பிடுங்கிருவோம்னு பொண்ணு வீட்டுல சொல்லியாச்சு.

உள்ள பொன்னையாவுக்கு வேர்த்து ஊத்துது. அங்க வர்றவங்களுக்கு ஆலோசனை சொல்றதுதான் அவரு வேலை. வயசு அம்பத்தி நாலு. அவரோட குரு டாக்டர் வகீதாவுக்கு முப்பத்தெட்டு. தலை நரைச்ச பிறகு சிஷ்யனாச் சேர்ந்தவரு.

விஷயம் தெரியாதவரில்ல. தவசி, இங்க நடக்கிற எச்.ஐ.வி. தடுப்பூசிச் சோதனைக்குத் தானா வந்து கை நீட்டின ஆளு. ஊசியில இருந்தது கிருமி இல்ல, கிருமியோட வேஷம். வேஷத்தைப் பார்த்தே உடம்பு சண்டைக்குக் கிளம்பிருச்சு. அந்த எதிர்ப்புதான் சாதாரணப் பரிசோதனையில மாட்டியிருக்கு. கிருமியையே தேடுற பெரிய பரிசோதனையும் பண்ணியாச்சு. கிருமி இல்லவே இல்ல.

எல்லாத்தையும் சொல்லிருங்கன்னு தவசியே கேட்டுக்கிட்டதால, இதை வெளிய போய் வரி விடாம ஒப்பிச்சாரு. பொண்ணோட அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. பொன்னையா போன வேகத்துல உள்ள திரும்பிட்டாரு.

"டாக்டரம்மா, கிருமியே இல்லாம எதிர்ப்பு மட்டும் எப்படிய்யா வரும்ங்கிறாரு. என்ன சொல்ல?"

மேசையில ரெண்டு பேரோட டீ கிளாசும் ஒட்டி ஒட்டி இருந்துச்சு. வகீதா டிராயர்லேருந்து எச்.ஐ.வி. பரிசோதனை அட்டையை எடுத்தாங்க. தன் விரலைத் தானே குத்தி, ஒரு சொட்டு விட்டாங்க.

முதல் கோடு வந்துச்சு. அது எல்லாருக்கும் வர்றதுதான். ரெண்டாவது வந்தாத்தான் எச்.ஐ.வி.ன்னு அர்த்தம்.

பொன்னையா கண்ணை எடுக்கல.

மெல்ல, ரெண்டாவதும் வந்துச்சு.



"இந்தச் சோதனையில முதல் ஊசி போட்டுக்கிட்டது நான்தான்"ன்னாங்க வகீதா.

அவருக்கு அப்பதான் மூச்சு வந்துச்சு. சிரிச்சாரு. அந்தம்மா சிரிக்கல. மேசையையே பார்த்துக்கிட்டிருந்தாங்க.

அவரும் குனிஞ்சு பார்த்தாரு. அவரோட டீ கிளாசு அந்தம்மா கிளாசை விட்டு விலகி, மேசையோட அந்தக் கடைசிக்குப் போயிருந்துச்சு. அதுமேல அவரு கை. எப்ப நகர்த்தினாருன்னு அவருக்கே தெரியல.

"போங்கண்ணே, நேரமாகுது. கிருமியே இல்லாம எதிர்ப்பு எப்படி வரும்னு அவரு திரும்பக் கேட்டா, உங்க கையைக் காட்டுங்க."